ரிக்கார்ட்டன் பண்ணை: ஜேன் அம்மையாரை எங்கே விட்டுவிட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நியூசிலாந்தின் கேன்டர்பரி சமவெளியில் காலூன்றிய ஸ்காட்லாந்து விவசாயக் குடும்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ‘ஜான் டீன்ஸ், ஜேன் தம்பதியர் 1843இல் ரிக்கார்ட்டனில் குடியேறினர்’ என்று கட்டுரை தொடங்குகிறது. அது தவறு. முதல் வரியில் நேர்ந்த இந்தப் பிழையால் பின்னால் வரும் கணக்கெல்லாம் சாய்ந்துவிட்டது.

1843இல் அங்கே போனவர்கள் தம்பதியர் அல்லர், அண்ணன் தம்பி. அண்ணன் வில்லியம் 1840இல் வெலிங்டனிலும், தம்பி ஜான் 1842இல் நெல்சனிலும் வந்து இறங்கியவர்கள். இரண்டு இடத்திலும் மனத்துக்குப் பிடித்த நிலம் அமையவில்லை, தெற்கே வந்தார்கள். அவர்களோடு மேன்சன், கெப்பி என்ற இரண்டு குடும்பங்களும் வந்தன. புகைபோக்கி கட்டக் கொண்டுபோன செங்கல்லை, படகு அதற்குமேல் போகாது என்ற இடத்தில் ஆற்றங்கரையில் இறக்கிவைத்தார்கள். அந்த இடத்துக்கு ‘த பிரிக்ஸ்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆணிகள் லெவி துறைமுகத்திலேயே தங்கிவிட்டதால் முதல் வீட்டை மரமுளை அடித்துத்தான் நிறுத்தினார்கள். இன்று பார்வைக்கு வைத்திருக்கும் டீன்ஸ் காட்டேஜ் அதற்கு அடுத்துக் கட்டியது. கட்டுரையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அங்கே ஓடும் ஏவன் ஆற்றுக்கு ஷேக்ஸ்பியர் ஊர் ஆற்றின் பெயர் வைத்ததாகச் சொல்வதும் சரியல்ல. அது இந்தச் சகோதரர்கள் ஸ்காட்லாந்தில் அறிந்த ஏவன். பண்ணையின் பெயரும் அவர்கள் பிறந்த அயர்ஷயர் மாவட்டத்து ரிக்கார்ட்டனிலிருந்து வந்ததுதான்.

நிலம் வந்த வழியையும் ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் 1846இல் அந்த மண்ணின் மாவோரி இனத்தவரான நய் தாகு மக்களிடம் ஆண்டுக்கு 8 பவுன் வாடகைக்குக் குத்தகை எடுத்தார்கள். 1850இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த குடியேறிகள் கப்பல் கப்பலாக வந்தபோது பேரம் பேசி ரிக்கார்ட்டனில் 400 ஏக்கரைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

1851 ஜூலையில் ஆடு வாங்க ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட வில்லியம், வெலிங்டன் அருகே ‘மரியா’ கப்பல் உடைந்து மூழ்கியதில் இறந்தார். ஜான் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி 1852 செப்டம்பரில் ஜேன் மெக்கில்ரெய்த்தை மணந்தார். இருவரும் 1853 பிப்ரவரி 2ஆம் தேதி ‘மினர்வா’ கப்பலில் வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்டில் மகன் பிறந்தான். 1854 ஜூனில் காசநோய் முற்றி, 34 வயதில் ஜான் காலமானார்.

கூட்டிப் பாருங்கள். கணவனும் மனைவியுமாக அந்த மண்ணில் வாழ்ந்தது பதினாறு மாதம். ஜேனுக்கு அப்போது வயது 31, கையில் பத்து மாதக் குழந்தை. ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் திரும்பவில்லை. மகனுக்கு 21 வயது நிறையும் 1874 வரை சொத்தைச் சிதறவிடாமல் காத்தார். 1911இல் காலமானதும் அதே ரிக்கார்ட்டனில்தான். ரிக்கார்ட்டனை அடுத்த கிறைஸ்ட்சர்ச் நகரில், ஸ்காட்லாந்துக்காரர்களின் பிரெஸ்பிட்டேரியன் சபைக்கு சார்லஸ் ஃபிரேசர் போதகராக வந்தது 1856இல், புனித அந்திரேயா ஆலயம் திறந்தது 1857இல். அந்தச் சபை வேர்பிடிக்க ஜேன் துணைநின்றார். வீட்டையொட்டிய கஹிகாட்டியா மரக்காட்டை வெட்டாமல் காக்க வேண்டும் என்பது ஜானின் கடைசி விருப்பம். சுற்றிலும் மரம் விறகாகவும் பலகையாகவும் போய்க்கொண்டிருந்த காலத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சொல்லைக் காப்பாற்றியவர் ஜேன். குடும்பம் 1914இல் மக்களுக்குக் கொடுத்த அந்தக் காடு சுமார் 7.8 ஹெக்டேர், இன்றும் நிற்கிறது. இவரைப் பற்றிக் கட்டுரையில் அரை வாக்கியம்தான் இருக்கிறது என்பது வருத்தமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட தவறு ஏன் வருகிறது என்றும் சொல்லவேண்டும். பெயர்தான் முதல் பொறி. தலைமகனுக்குத் தகப்பன்வழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்பது ஸ்காட்லாந்து வழக்கம், நம் வீடுகளில் தாத்தா பெயர் இடுவது போலத்தான். ஆகவே இந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு ஜான் டீன்ஸ். அயர்ஷயரில் இருந்த தந்தை ஒருவர், குடியேறியவர் (1820–1854) ஒருவர், அவர் மகன் (1853–1902) ஒருவர், பேரனும் ஒருவர். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர் மகன் ஜான். அந்தப் பன்னிரண்டையும் கட்டுரை ஜேன் கணக்கில் எழுதிவிட்டது.

அடுத்தது பதிவேடு. ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முந்திய திருமணத்தைத் திருச்சபைப் பதிவேட்டில்தான் தேடவேண்டும். அங்கே காணும் தேதி பல நேரம் ஓலை வாசித்த தேதியாக, அதாவது திருமணம் நடக்கப்போவதைச் சபையில் அறிவித்த தேதியாக இருக்கும், மணநாள் ஆகாது. மாப்பிள்ளை ஊர்ச் சபை, பெண் ஊர்ச் சபை இரண்டிலும் ஓலை வாசிப்பார்கள், இரண்டையும் ஒத்துப்பார்க்க வேண்டும். 1843இல் திருச்சபை உடைந்து பிரிந்துபோன சுதந்திரச் சபையினர் தனிப் பதிவேடு வைத்தார்கள். பழைய ஏட்டில் பெயர் இல்லை என்பதற்காக ஞானஸ்நானமே நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. கல்லறைகளில் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரையே பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள், அதை வேறொரு குடும்பம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. பக்தியுள்ள குடும்பமா என்று அறிய சபையை நடத்திய மூப்பர் சங்கத்தின் குறிப்பேடும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தின் பட்டியலும் வேண்டும். திருவிருந்துக்கு வர அனுமதிச் சீட்டாக ஈய வில்லை கொடுத்த காலம் அது. யார் வந்தார், யார் விலக்கப்பட்டார் என்பதெல்லாம் அந்த ஏடுகளில்தான் கிடைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. 1855ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவில் மட்டும் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணத் தேதி, முந்திய பிள்ளைகள் விவரம் எல்லாம் கேட்டு எழுதினார்கள். எழுதும் சிரமம் தாங்காமல் அடுத்த ஆண்டே பலவற்றைக் கைவிட்டார்கள். கப்பலேறியவர்களின் அக்காவோ அண்ணனோ அந்த ஆண்டில் ஊரிலேயே குழந்தை பெற்றிருந்தால், அந்த ஒரு தாளிலிருந்தே குடும்பத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போகலாம்.

திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். 1843 என்ற ஆண்டுக்குப் பக்கத்தில் வில்லியம் பெயரையும் சேருங்கள். 1854க்குப் பிறகு வரும் பத்திகளில் ‘ஜான்’ என்று இருக்குமிடமெல்லாம் அது எந்த ஜான் என்று பார்த்து, ஜேன் செய்ததை ஜேன் பெயரிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை