நார்வே குடும்பப் பயணம்: ஞாயிறு கூட்டமும் செய்ய வேண்டியவையும்

அஸ்ஸலாமு அலைக்கும். நம் பழைய மாணவர் குடும்பங்களின் நார்வே பயணத்தைச் செப்டம்பர் கடைசி வாரத்தில் வைக்கலாம் என்று கருதுகிறோம். வட நார்வேயின் டிரோம்சோ நகரில் மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை என்பதால் மாலைத் தொழுகையான மஃரிபுக்கும் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் நேரம் கணிப்பது சிரமம். செப்டம்பர் இறுதியிலோ பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும், வானம் தெளிந்தால் துருவ ஒளியையும் காணலாம். இதுபற்றிப் பேச வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு இணையவழியில் கூடுகிறோம்.

1. கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களும் தேவை.

2. ஷெங்கன் விசாவுக்கு (நார்வே உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

3. ஹலால் இறைச்சியை ஓஸ்லோவின் குரோன்லான்ட் பகுதிக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். அந்நாட்டுச் சட்டப்படி விலங்கை மயக்கிய பிறகே அறுக்கிறார்கள். அதில் உடன்பாடில்லாதவர்கள் மீனோடு நிறுத்திக்கொள்ளலாம். மீன் சூப்பில் வெள்ளை ஒயின் சேர்ப்பதுண்டு, கேட்டு உண்ணவும். பொட்டலத்தில் 'ஸ்வீன்' என்றிருந்தால் அது பன்றி. சென்ற பயணத்தில் ஒரு விடுதியின் காலை உணவு மேசையில் பன்றி இறைச்சிக்கும் முட்டைக்கும் ஒரே இடுக்கி கிடந்ததைக் கண்டு ரொட்டியோடு எழுந்தோம். ஆகவே இம்முறை சமையலறை உள்ள வீடுகளையே பரிந்துரைக்கிறேன். ஊறுகாய் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு!

4. டிரோம்சோவில் பள்ளிவாசல் உண்டு, ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) அங்கேதான்.

வருவோர் பெயர்களையும் குழந்தைகளின் வயதையும் சனிக்கிழமை இரவுக்குள் இக்குழுவில் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.