நகவோகாவிலிருந்து அப்பாவுக்கு

நகவோகா, ஜப்பான்.
மாட்டுப் பொங்கல், 2026.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தங்கச்சி, தம்பி எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் கிடைத்து ஒன்பது நாளாகிறது. நான் உங்களுக்கு எழுதி மூன்று மாசமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவதெல்லாம் அம்மாவோடும் தம்பியோடும்தான். உங்களுக்குப் போனில் காது கேட்காது என்று தெரிந்தும் எழுதாமல் இருந்தது என் தப்பு. பேனாவை எடுத்து உட்கார்ந்தால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று புரியாமல் மூடி வைத்துவிடுவேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உறையைப் பிரித்ததும் விபூதிப் பொட்டலத்தோடு ஏழு நெல்மணி மேஜையில் உருண்டது. குறுவையில் மழைக்குத் தப்பியது என்று எழுதியிருந்தீர்கள். ஆடுதுறை 43 ரகம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அம்மா கேட்ட குளிர். முழங்காலுக்கு மேல் பனி கிடக்கிறது, இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்து சிக்னல் விளக்குகள்கூட மேலிருந்து கீழாக, நெட்டுக்குத்தாக நிற்கும். டோக்கியோவில் படுக்கைவாட்டில் இருக்கும். இங்கே அப்படி வைத்தால் பனி ஏறி உட்கார்ந்துகொள்ளும். ரோட்டுக்கு நடுவே குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சுகிறார்கள். பூமிக்குள்ளிருந்து வருவதால் நம் போர் தண்ணீர் மார்கழியில் வெதுவெதுப்பாக இருக்குமே, அதே மாதிரி. பனி ரோட்டில் நிற்காமல் கரைந்து ஓடிவிடுகிறது. தண்ணீரில் இரும்பு இருப்பதால் ரோடு முழுக்கத் துரு நிறம், மோட்டார் கொட்டகைத் தொட்டியைப் பார்ப்பதுபோலவே. இந்த ஏற்பாடு முதன்முதலில் வந்ததே இந்த ஊரில்தானாம்.

வீட்டுக்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ். பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி வரும், 18 லிட்டர் கேனில் பிடித்துக்கொள்ளலாம். ரேஷன் கடையில் அம்மாவோடு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதுதான் ஒவ்வொரு முறையும் ஞாபகம் வரும். ராத்திரி எட்டு மணிக்கே அணைத்துவிட்டு, இரண்டு ஸ்வெட்டரோடு போர்வைக்குள் போய்விடுவேன். சூடு அதிகமானால் எனக்குத் தலை வலிக்கிறது. குளிர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிப் போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். 84 வயசு. இரண்டு மகன்களும் டோக்கியோவில். காலையில் வடித்த சோற்றில் முதல் கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, தாத்தா படத்துக்கு முன்னால் வைத்து, மணி அடித்துக் கும்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். அம்மா காக்காய்க்கு வைப்பதுபோல. எனக்கு அவர் பேசுவது பாதிதான் புரியும். அவருக்கு நான் பேசுவது அதற்கும் குறைவு. ஆனாலும் தினமும் வேலி ஓரம் நின்று ஏதாவது கேட்பார், நானும் ஏதாவது சொல்வேன். சில நாள் கம்பெனியில் வணக்கம், சரி என்பதற்கு மேல் பேச்சே இருக்காது. அன்றைக்கு நான் வாய் திறந்து பேசுவது அவரிடம் மட்டும்தான்.

இலையுதிர் காலத்தில் அவர் வீட்டுச் சீமைப் பனிச்சை (பெர்சிமன்) மரத்தில் ஏறி எல்லாப் பழத்தையும் பறித்துக் கொடுத்தேன். மரத்தில் பழத்தை விட்டு வைத்தால் கரடி வரும் என்று முனிசிபாலிட்டி அறிவித்திருந்தது. (இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.) போன வருஷம் ஜப்பான் முழுக்க இதே பேச்சு. காட்டில் காய் கனி இல்லை, மலையடி ஊர்களில் ஆளும் இல்லை. கரடி கடைவீதி வரை இறங்கிவிட்டது. அகிதா என்ற மாகாணத்துக்கு நவம்பரில் ராணுவத்தையே அனுப்பினார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருஷத்துக்கான ஓர் எழுத்தை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், கியோத்தோவில் கியோமிசு கோவில் தலைமைக் குருக்கள் பெரிய தூரிகையால் எழுதிக் காட்டுவார். 2025-க்கு வந்த எழுத்து கரடி. நான் இதுவரை ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை.

பறித்ததெல்லாம் துவர்ப்பு ஜாதி. தோல் சீவிக் காம்பில் கயிறு கட்டி, திண்ணை ஓரம் வரிசையாகத் தொங்கவிட்டார் பாட்டி. ஒரு மாசத்தில் பேரீச்சம்பழம் மாதிரி சுருங்கி, மேலே மாவு பூத்து, அப்படி ஒரு இனிப்பு. தங்கச்சிக்கு ரொம்பப் பிடிக்கும்.

நீங்கள் அரிசி விலை கேட்டிருந்தீர்கள். போன வருஷம் 5 கிலோ 4,000 யெனைத் தாண்டிவிட்டது, நம் பணத்தில் 2,000 ரூபாய்க்கு மேல். 2023 கோடை வெயிலில் மணி வெளுத்துத் தரம் கெட்டுப்போனதில் ஆரம்பித்த தட்டுப்பாடு. அவசரத்துக்கென்று வைத்திருந்த இருப்பை அரசாங்கம் திறந்துவிட்டபோது ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அந்தச் சமயத்தில் விவசாய மந்திரி, "நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் நிறையக் கொடுக்கிறார்கள்" என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார். மூன்றே நாளில் பதவி போய்விட்டது. இதே நாட்டில் ஏறக்குறைய 50 வருஷம், நெல் அதிகமாகிவிடக் கூடாது என்று பயிர் வைக்காமல் நிலத்தை விடுபவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. 2018-இல்தான் அதை நிறுத்தினார்கள். நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை.

நான் இப்போது நூடுல்ஸ் அதிகம் சாப்பிடுகிறேன். பிடித்துப்போய்விட்டது.

இந்தப் பக்கம் முழுக்க வயல், அப்பா. கோஷிஹிகாரி என்ற ரகம். மே மாசம் நடவு, செப்டம்பரில் அறுப்பு, வருஷத்துக்கு ஒரே போகம். ஷினானோ ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது, ஜப்பானிலேயே நீளமான ஆறு. மலையில் கிடக்கும் பனிதான் வசந்தத்தில் உருகி வாய்க்காலுக்கு வருகிறது. இவர்களுக்குப் பனிதான் மேட்டூர் அணை. பனி குறைந்த வருஷம் பாட்டி கவலைப்படுவார், ஆடி பிறந்தும் தண்ணீர் வராவிட்டால் நீங்கள் கவலைப்படுவதுபோல.

போன வாரம் அவர் வீட்டு வாசலில் பனி வாரிக் கொடுத்தேன். பதிலுக்கு 10 கிலோ அரிசி கொடுத்துவிட்டார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. இங்கே உமி மட்டும் நீக்கிய அரிசியாகத்தான் மூட்டையில் வைத்திருப்பார்கள், தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டிக்கொள்வார்கள். அதற்கு ரோட்டோரம் பெட்டிக்கடை அளவில் ஒரு ரைஸ்மில் நிற்கும். ஆள் கிடையாது. 100 யென் நாணயத்தைப் போட்டு, அரிசியைக் கொட்டி, எவ்வளவு வெள்ளை வேண்டும் என்று பொத்தானை அமுக்கினால் போதும். அடியில் பையை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே பனி. வெளுத்த அரிசி சூடாகக் கையில் விழுந்தது. தவிட்டு வாசனை முகத்தில் அடித்தது. நம் மில்லுக்கார மாமா கடையில் நீங்கள் மூட்டை தூக்கி வைக்க, நான் தவிட்டுக் குவியலில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, அந்த வாசனை. மிஷின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நான் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் நெல்மணியை எடுத்தேன். ஏழையும் நகத்தால் உரித்து ஒவ்வொன்றாகக் கடித்தேன். உமியை ஸ்டவ்வில் போட்டுவிட்டேன். இங்கே வெளிநாட்டு நெல்லை உமியோடு உள்ளே விடமாட்டார்கள், பூச்சியும் நோயும் வந்துவிடும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் இனிமேல் கடிதத்தில் நெல் வைக்க வேண்டாம். ஆனால் இந்த ஒரு தடவை வைத்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு பொங்கல் போய்விட்டது அப்பா, நான் நம் வாசலில் நின்று.

நேற்று சாயங்காலம் இங்கேயும் ஒரு போகி நடந்தது. வைக்கோலையும் மூங்கிலையும் கோபுரம் மாதிரி கட்டி, புத்தாண்டுத் தோரணங்களை அதில் போட்டுக் கொளுத்துகிறார்கள். சாய் நோ காமி என்று பெயர். அந்த நெருப்பில் கணவாய்க் கருவாட்டைச் சுட்டுத் தின்றால் அந்த வருஷம் நோய் அண்டாதாம். பாட்டி எனக்கு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார்.

சரி, முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். வாய்க்கால் ஓரத்து மூன்று மா நிலத்தைத் தங்கச்சி கல்யாணத்துக்காக விற்கலாம் என்று சித்தப்பா ஆள் பார்த்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து முன்பணம் வாங்கிவிடாதீர்கள். இங்கே விவசாயிகளின் சராசரி வயசு எழுபதை நெருங்குகிறது. பாட்டியின் வயலை இப்போது வேறு யாரோ குத்தகைக்குப் பயிர் செய்கிறார்கள். தன் வரப்பில் நிற்கக்கூட அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. நாடு முழுக்க 90 லட்சம் வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கள் தெருவிலேயே நாலு. அதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிற எனக்கு நம் நிலத்தை விற்க மனசு ஒப்பவில்லை. தம்பிக்கு விவசாயம் வேண்டாமென்றால் எனக்கு வேண்டும். நான் வந்து செய்கிறேன். கல்யாணச் செலவுக்கு நான் பொறுப்பு.

போன மாசம் அனுப்பியது குறைவாகத் தெரிந்திருக்கும், யென் மதிப்பு இறங்கியிருக்கிறது. ஓவர்டைமும் இப்போது அவ்வளவாக இல்லை, அதனால் நல்ல ஓய்வு கிடைக்கிறது. ஏஜெண்ட் ஆள் வீட்டுப் பக்கம் வந்தால் நீங்கள் எதுவும் பேச வேண்டாம், என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

முகூர்த்தம் வைகாசியில் வேண்டாம். ஏப்ரல் 29-க்கும் மே 5-க்கும் நடுவே இங்கே விடுமுறை நாள் நிறைய வருகிறது, அதற்குள் சித்திரையில் ஒரு நாள் கிடைக்குமா என்று ஜோசியரிடம் கேட்டு எழுதுங்கள். லீவு கேட்க எனக்குப் பிப்ரவரிக்குள் தேதி தெரிய வேண்டும். சம்பா கதிர் முற்றிவிட்டதா, மழை விட்டதா என்பதையும் எழுதுங்கள். செவலைக்கு என்ன கன்று?

அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் மகன்.

பி.கு.: அம்மாவின் சங்கிலி அடகுத் தவணை மாசி மாசம் முடிகிறது. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்கள், ரசீதை போட்டோ எடுத்து அனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள்.