உப்புத் தண்ணிக்கு வாரண்டி இல்லையென்றால், உப்புத் தண்ணி ஊரில் ஏன் விற்றீர்கள்?

அனுப்புநர்
பல்லடம் வட்டத்து வாடிக்கையாளர் ஒருவர்,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
சோலார் விற்பனை மற்றும் சேவைப் பிரிவு.

பொருள்: தண்ணீரையும் போரையும் (ஆழ்துளைக் கிணறு) பார்க்காமல் விற்ற சோலார் பேக்கேஜ், அதனால் ஏற்பட்ட சேதத்துக்கு நிவாரணம் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் தோட்டத்து வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் பேனல், பேட்டரியுடன் 3 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் மூன்றையும் ஒரே பேக்கேஜாக உங்கள் கிளையில் வாங்கினோம். போர் மோட்டாரும் அதிலேயே ஓடும் என்று உறுதி சொல்லித்தான் விற்றீர்கள். இன்றைக்கு ஹீட்டர் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாகச் சொட்டுகிறது. மோட்டார் காயில் எரிந்துவிட்டது. பேனல் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறியிருக்கிறது. மூன்றுக்கும் உங்கள் சேவைப் பிரிவு தரும் பதில் ஒன்றுதான்: "உங்க தண்ணி சரியில்லைங்க."

எங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நீங்கள் ஒருமுறையாவது பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அளவெடுக்க வந்த உங்கள் ஊழியர் மொட்டை மாடியை டேப் வைத்து அளந்தார். தென்னை மர நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று பொறுமையாகக் கேட்டார், போனில் தெற்குத் திசை பார்த்தார், ஈபி கார்டை நகல் எடுத்தார். அவர் வேலையில் குறை சொல்ல மாட்டேன், அந்த வரைக்கும் நன்றாகவே செய்தார். ஆனால் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் போர். அதன் பக்கம் அவர் போகவில்லை. எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓடினால் தண்ணி அறும் என்று ஒரு கேள்வியும் இல்லை. உங்கள் கொட்டேஷனில் ஃபேன் எத்தனை, லைட் எத்தனை வாட் என்றெல்லாம் விவரமாக இருக்கிறது. மோட்டாருக்கு நேராக "மோட்டார் 1" என்று மட்டும்தான் இருக்கிறது, எத்தனை ஹெச்.பி என்றுகூட இல்லை. நாங்களாகவே கேட்டதற்கு, "அதெல்லாம் கவலைப்படாதீங்க அக்கா, மோட்டார், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாமே இதுலயே ஓடிக்குமுங்க" என்றார்.

முதலில் ஹீட்டர். எங்கள் போர்த் தண்ணியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். கடினத்தன்மை லிட்டருக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 வரை போதும் என்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் தண்ணீர் அதையும் தாண்டியது. பல்லடம் பக்கம் மேட்டாங்காட்டு வீடுகளில் இது ஒன்றும் புதிதில்லை. அதனால்தான் இங்கே வீட்டுக்கு வீடு நல்ல தண்ணிக்கு ஒரு குடம், உப்புத் தண்ணிக்கு ஒரு தொட்டி. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணி குடிக்கவும் சமைக்கவும்தான் பத்தும். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாம் போர்த் தண்ணிதான். ஹீட்டருக்கும் அதுதான் போகப்போகிறது என்பது இந்த ஊரில் கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

இப்படிப்பட்ட தண்ணியைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படியும். டீ போடும் பாத்திரத்தின் உள்பக்கத்தில் தெரியும் அதே வெள்ளைதான். நீங்கள் கொடுத்தது வெற்றிடக் குழாய் மாடல். குழாய்க்குள் இருக்கும் தண்ணியே வெயிலில் சூடாகி மேலே தொட்டிக்கு ஏறுகிற அமைப்பு என்பதால் சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. உங்கள் ஆள் வந்து ஒரு குழாயைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. அதைப் பார்த்துவிட்டும் "ஆசிட் போட்டுக் கழுவிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாடியில் ஏறி, கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவில் நின்று ஆசிட் ஊற்றுவது வாடிக்கையாளர் செய்கிற வேலையா?

இதைவிட என்னைப் பயமுறுத்தியது தொட்டி மேலிருக்கும் காற்றுக் குழாய். அதன் வாயும் பாதி அடைத்திருந்தது. அது முழுக்க அடைத்துவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் தொட்டி உப்பும். தண்ணியை இழுக்கும்போது காற்று உள்ளே வர வழியில்லாமல் நசுங்கவும் செய்யும். எங்கள் ஊர் பிளம்பர் பார்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. இந்த ஆபத்தைப் பற்றி உங்கள் கையேட்டிலும் இல்லை, ஊழியரும் வாய் திறக்கவில்லை.

குழாய் அடைத்தபின் சுடுதண்ணிக்கு உள்ளேயிருக்கும் 2 கிலோவாட் மின்சுருளைப் போட வேண்டியதாயிற்று. 200 லிட்டரை 35 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 8 யூனிட் வேண்டும். எங்கள் பேனல் நல்ல வெயில் நாளில் தருவது 12 யூனிட். மூன்றில் இரண்டு பங்கைச் சுடுதண்ணியே தின்றுவிட்டால் மிச்சம் என்ன? நாள்தோறும் தொட்டி முழுக்கச் சூடாக்கினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட் அதற்கே போகும். 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டண விகிதமே மாறிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். கரண்ட் பில்லைக் குறைக்க வாங்கிய ஹீட்டர் பில்லை ஏற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுருளிலும் சுண்ணாம்பு கட்டி, இப்போது அதுவும் போய்விட்டது. எங்கள் மாமியாருக்கு மூட்டுவலி. மார்கழிக் குளிரில் விடியற்காலை அவருக்காக விறகடுப்பில் அண்டா வைத்தோம்.

வாரண்டி கேட்டபோதுதான் அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினீர்கள். கடினத் தண்ணியால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. ஐயா, இது எனக்கு ஆறவே இல்லை. இந்த நிபந்தனை நியாயம் என்றால் விற்பதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணி எடுத்துச் சோதிக்க வேண்டும். சோதித்திருந்தால், நல்ல தண்ணி மூடிய சுற்றில் ஓடி, அதன் சூடு மட்டும் உப்புத் தண்ணிக்கு மாறுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாடலைச் சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் முன்னால் தண்ணியின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் ஒன்று வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். விலை கூடத்தான் இருக்கும். கூடட்டும், யோசித்து முடிவெடுத்திருப்போம். அந்த வாய்ப்பை நீங்கள் எங்களுக்குத் தரவில்லை.

அடுத்தது மோட்டார். எங்கள் போர் 850 அடி, 2 ஹெச்.பி சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் 700 அடியில் நிற்கிறது. ஓடும்போது 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், கிளம்புகிற நொடியில் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது என்று எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் பார்த்தவுடன் சொன்னார். அவர் சொன்னபடியே சுவிட்சைப் போடும்போதெல்லாம் டிரிப் ஆனது. சரி, வேறு வழி செய்கிறோம் என்று வந்த உங்கள் டெக்னீஷியன் மோட்டாரை ஈபி லைனுக்கு மாற்றி, வெயில் நன்றாக இருக்கும் நேரம் என்று பகல் 11 முதல் 1 மணி வரை ஓடும்படி டைமர் வைத்துவிட்டுப் போனார்.

வெயில் கணக்குக்கு அது சரியான நேரம்தான். போரின் கணக்கு வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர் இது, தரைக்கடியில் முழுக்கப் பாறை. வெடிப்புகளில் ஊறுகிற தண்ணிதான் போரில் சேரும். எங்கள் போர் முக்கால் மணி நேரம் கொடுக்கும், அப்புறம் காற்றுத்தான் வரும். சில மணி நேரம் விட்டால் மறுபடி ஊறும். அதைப் பார்த்துப் பார்த்து விட்டுவிட்டுத்தான் இத்தனை வருஷமும் ஓட்டினோம். இதைச் சொன்னதற்கு உங்கள் டெக்னீஷியன், "அத்திக்கடவு தண்ணி வந்துட்டதுங்களே, இனி போர் எங்க வத்தப்போகுது" என்றார். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது, பவானியின் உபரி நீரைக் குளம் குட்டைகளில் நிரப்புகிற திட்டம். மனதார மகிழ்ச்சிதான். ஆனால் அதில் நிரம்பும் குளம் எதுவும் எங்கள் காட்டுக்குப் பக்கத்தில் இல்லை.

சப்மெர்சிபிள் மோட்டார் குளிர்வதே தன்னைச் சுற்றி ஓடும் தண்ணியில்தான். தண்ணி இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டைமர் வைத்தவர் டிரை ரன் பாதுகாப்பு ஒன்றைச் சேர்த்து மாட்டியிருந்தால் தண்ணி அற்றதும் மோட்டார் தானாக நின்றிருக்கும். இப்போது 700 அடியிலிருந்து மோட்டாரை மேலே தூக்க வண்டி, ஆள்கூலி, காயில் கட்டும் செலவு எல்லாம் எங்கள் தலையில். அது முடியும்வரை வீட்டுக்கும் மாடுகளுக்கும் டேங்கர் தண்ணி வாங்கினோம். கோடையில் கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்கு விலை கொடுத்து வாங்கிய தண்ணியை அளந்து ஊற்றுவது எவ்வளவு வேதனை என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

பேனலைப் பொறுத்தவரை பொருள் நல்ல பொருள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் ஆடிக் காற்றில் தூசி படிந்தபோது "ஹோஸ் வச்சுப் போர்த் தண்ணி அடிச்சு விடுங்க" என்று சொன்னது உங்கள் சேவைப் பிரிவுதான். அடித்த தண்ணி வெயிலில் காய்ந்து உப்பு ஒட்டிக்கொண்டது, துணியால் துடைத்தாலும் போகவில்லை. நல்ல வெயிலிலும் 12 யூனிட் வந்த இடத்தில் இப்போது 9 வருகிறது. மழைத் தண்ணியோ நல்ல தண்ணியோ கொண்டு, வெயில் ஏறுமுன் துடையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது இவைதான். ஹீட்டரை எங்கள் தண்ணிக்கு ஏற்ற ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாடலாக மாற்றித் தர வேண்டும், அல்லது அதன் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும். மோட்டாரைத் தூக்கி இறக்கிய கூலி, காயில் கட்டிய செலவு, டேங்கர் தண்ணிக்கான தொகை மூன்றும் ரசீதுப்படி வேண்டும். டிரை ரன் பாதுகாப்பை உங்கள் செலவில் மாட்டி, டைமரை எங்கள் போர் ஊறும் நேரத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும். மோட்டாரைக் கிளப்பும் திறனுள்ள இன்வெர்ட்டரும் நீங்கள் தந்த உறுதியில் சேர்ந்ததுதான். முடியாது என்றால் அதற்குரிய தொகையைக் குறைத்துத் திருப்பிக் கொடுங்கள். பேனலில் படிந்த உப்பை உங்கள் ஆட்களே வந்து எடுக்க வேண்டும். 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசின் 78,000 ரூபாய் மானியம் வரும் திட்டத்தில்தான் இதை விற்றீர்கள். அந்தத் திட்டத்தில் 5 ஆண்டுப் பராமரிப்பு விற்றவர் பொறுப்பு.

இன்னொன்று. எங்கள் பக்கத்துத் தோட்டத்தாரும் உங்களிடம் விலை கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வரும்போதாவது தண்ணி எடுத்துச் சோதியுங்கள், போர் எவ்வளவு நேரம் கொடுக்கும் என்று கேட்டுக் கொட்டேஷனில் எழுதுங்கள், உப்புத் தண்ணி நிபந்தனையைத் தமிழில் முன்பக்கத்தில் அச்சடியுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு வேண்டிய காகிதங்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: கொட்டேஷன், பில், வாரண்டி அட்டை ஆகியவற்றின் நகல்கள், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, மோட்டார் வேலை மற்றும் டேங்கர் ரசீதுகள், குழாய், பேனல் படங்கள்.