‘எப்படியாவது’ என்றுதான் அந்தத் தாய் சொன்னார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலுக்குப் போய்க் கரை திரும்பாத மீனவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஒரு மீனவரின் தாய், ‘தன் மகனை விரைந்து மீட்க வேண்டும் எனக் கோரிக்கை விடுத்தார்’ என்று அதில் இருந்தது. அவர் பேசியதை முந்தைய இரவு தொலைக்காட்சியில் நான் கேட்டிருந்தேன். “எப்படியாவது என் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் ஐயா” என்று கதறினார். கோரிக்கை என்பது சங்கங்கள் மனுவில் எழுதும் சொல். பெற்ற வயிற்றுக்கு அது ஒவ்வாது.

‘விரைந்து’ என்பதில் அவசரம் மட்டும் இருக்கிறது. ‘எப்படியாவது’ என்பதில் அவசரத்தோடு கையறு நிலையும் சேர்ந்திருக்கிறது. ‘எப்படி’ என்பது வழி தெரியாதவர் கேட்கும் கேள்வி. அதோடு ‘ஆவது’ சேர்ந்ததும் கேள்வி மன்றாட்டாகிவிடுகிறது. எனக்குத் தெரிந்த வழியெல்லாம் அடைபட்டுவிட்டது, நீங்கள் ஒரு வழியைக் கண்டுபிடியுங்கள் என்று அது கெஞ்சுகிறது.

தமிழாசிரியையாக இருந்த நாட்களில் இதற்கு மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுவேன். ‘எப்படியும் வந்துவிடுவான்’ என்றால் உறுதி. ‘எப்படியோ வந்துவிட்டான்’ என்றால் வந்தாயிற்று, வந்த வழிதான் தெரியவில்லை. ‘எப்படியாவது வந்துவிட வேண்டும்’ என்றால் இன்னும் வரவில்லை, வருவானா என்பதும் தெரியவில்லை. ‘நேற்று எப்படியாவது வந்தான்’ என்று எழுதினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட முகம் சுளிக்கும். நடந்து முடிந்ததோடு இந்தச் சொல் ஒட்டுவதில்லை. ஏவல், வேண்டுதல், ஏக்கம் ஆகியவற்றோடுதான் அது இயல்பாகப் பொருந்துகிறது.

‘ஆவது’ என்ற அந்தச் சிறு ஒட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘பத்து ரூபாயாவது கொடுங்கள்’ என்கிறவர் தன் தேவையைத் தானே குறைத்துக்கொண்டு நிற்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி எங்கள் நாகப்பட்டினத்துக் கரையை வாரிக்கொண்டு போனபோது, நிவாரண முகாமில் பெயர்களை எழுதிக்கொள்ளும் வேலையைச் செய்தேன். முதல் நாள் வந்தவர்கள், “எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுங்கள்” என்றார்கள். மூன்றாம் நாள் அவர்களே திரும்பி வந்து, “உடலையாவது காட்டுங்கள்” என்றார்கள். இரண்டு வாக்கியத்திலும் இருந்தது அதே ‘ஆவது’தான். அன்று முதல் இந்தச் சொல்லை என்னால் வெறும் இலக்கணமாகப் பார்க்க முடிந்ததில்லை.

‘எப்படியாவது ஆட்சியைப் பிடிக்கத் துடிக்கும் கட்சி’ என்று அரசியல் செய்திகளில் இதே சொல் வருவதையும் பார்க்கிறேன். குறுக்கு வழியானாலும் சரி என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசியல் பக்கத்தில் தாராளமாக இடம் பெறும் சொல், பிள்ளையைத் தேடும் தாயின் வாயிலிருந்து வரும்போது மட்டும் ஏன் ‘விரைந்து’ என்று மாற்றப்பட வேண்டும்?

செய்தி நடை சீராக இருக்க வேண்டும், இடமும் குறைவு என்று துணை ஆசிரியர்கள் சொல்லக்கூடும். ‘விரைந்து மீட்க வேண்டும் எனக் கோரிக்கை விடுத்தார்’ என்பதில் ஆறு சொற்கள். ‘எப்படியாவது மீட்டுத் தருமாறு மன்றாடினார்’ என்பதில் நான்கே சொற்கள். அந்தப் படகைப் பற்றி இன்னும் தகவல் இல்லை என்று இன்றைய இதழில் பார்த்தேன். அடுத்து அந்தத் தாய் பேசும்போது, அவர் சொல்லையே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
நாகப்பட்டினம்.