தளக் கான்கிரீட்டின் தரம் குறித்த புகார்: பூச்சு வேலையை நிறுத்திச் சோதனை செய்யக் கோருதல்

சேலம்,
24.05.2025

பெறுநர்
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
எங்கள் வீட்டுக் கட்டுமான ஒப்பந்தத்தை ஏற்றுள்ள நிறுவனம்,
சேலம்.

ஐயா,

வணக்கம். கன்னங்குறிச்சியில் தாங்கள் எங்களுக்குக் கட்டித் தரும் வீட்டின் கீழ்வீட்டுக் கூரைக்கு ஏப்ரல் 17ஆம் தேதி கான்கிரீட் போடப்பட்டது. மே 3ஆம் தேதி சென்ட்ரிங் பிரித்தபோது, கிழக்கு அறையின் கூரையில் ஏறத்தாழ எட்டடி நீளத்துக்கு ஒரு விரிசலும், அதே அறையில் பீமும் தளமும் சேரும் மூலையில் ஜல்லி துருத்திக்கொண்டு கம்பி வெளியே தெரியும், ‘தேன்கூடு’ எனப்படும் பொந்தும் காணப்பட்டன. தங்கள் சைட் இன்ஜினீயர் இரண்டையும் பார்த்துவிட்டு, "வெயிலுக்கு வந்த விரிசல்தான், பூசினால் போய்விடும்" என்றார். வரும் திங்கட்கிழமை பூச்சு வேலைக்கு ஆள் அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார். அந்த வேலையை நிறுத்தி வைக்கும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

சித்திரை வெயிலில் சேலத்தில் போட்ட கான்கிரீட் மேலே சற்று வெடிப்பது இயல்புதான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீர் இந்த விரிசலின் வழியே கீழே இறங்கி, இரண்டே நாளில் வெள்ளைச் சுண்ணாம்புக் கறையை விட்டிருக்கிறது. மேலோடு நிற்கும் விரிசலில் நீர் கீழ்வரை இறங்காது. தேன்கூட்டுக்கோ வெயிலோடு எந்தத் தொடர்பும் இல்லை.

நான் பொறியாளர் அல்லேன். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். எதையும் நேரம் குறித்து எழுதி வைக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. அன்று ரெடிமிக்ஸ், அதாவது ஆலையிலேயே கலந்து வரும் கான்கிரீட், மூன்று வண்டிகளில் மொத்தம் 18 கன மீட்டர் வந்தது. முதல் இரண்டு வண்டிகளில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வண்டியின் சீட்டில் கலவை ஏற்றிய நேரம் காலை 11.10 என்று உள்ளது. இடையில் பம்ப் குழாய் அடைத்துக்கொண்டதால், அந்த வண்டி காலியானபோது மணி பிற்பகல் 1.50. ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரெடிமிக்ஸ் கலவையை இறக்கிவிட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 4926 என்ற இந்தியத் தர விதி. இங்கே 2 மணி 40 நிமிடம் ஆகியிருக்கிறது. அதைவிடக் கவலை தருவது, கலவை இறுகிவிட்டதென்று மேஸ்திரி எங்கள் வீட்டு ஹோஸ் குழாயையே எடுத்து டிரம்முக்குள் தண்ணீர் விட்டதுதான். எவ்வளவு விட்டார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சிமென்ட்டுக்கு இவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு ஒரு முறை தவறினால், இறுகிய பிறகு அதிகப்படியான நீர் நின்ற இடமெல்லாம் நுண்துளைகளாகி வலிமையைக் குறைக்கும். நான் தடுத்தபோது, "அம்மா, எல்லா சைட்டிலும் இப்படித்தான்" என்ற பதில் கிடைத்தது. கலவையை அதிர்த்து இடைவெளியின்றிப் படிய வைக்கும் வைப்ரேட்டரும் இறுகிய அந்தக் கலவையில் சரியாக ஓடவில்லை. விரிசலும் தேன்கூடும் உள்ள கிழக்கு அறையில் கொட்டப்பட்டது இந்த மூன்றாவது வண்டிக் கலவைதான்.

கலவையை அச்சில் வார்த்துச் சோதனைக் கட்டி எடுத்துச் சோதித்துவிட்டோம், முடிவு சரியாக இருக்கிறது என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். கான்கிரீட்டுக்கான தர விதியான ஐ.எஸ். 456இன்படி 16 முதல் 30 கன மீட்டர் வரையான கான்கிரீட்டுக்கு மூன்று மாதிரிகளும், மாதிரிக்கு மூன்று கட்டிகளுமாக ஒன்பது கட்டிகள் எடுக்க வேண்டும். அன்று நான் கண்டவை மூன்றே கட்டிகள். மூன்றும் முதல் வண்டியில் எடுத்தவை. முதல் வண்டியின் கட்டி மூன்றாவது வண்டிக்கு எப்படிச் சாட்சி சொல்லும்? கட்டிகளின் வலிமையைச் சோதிக்கும் 28 நாள் கெடு மே 15ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆயினும் அந்த மூன்று கட்டிகளின் அறிக்கைகூட எழுத்தில் என் கைக்கு வரவில்லை.

ஆகவே மூன்று வண்டிகளின் சீட்டு நகல்களையும் கட்டிச் சோதனை அறிக்கையையும் உடனே தர வேண்டுகிறேன். கிழக்கு அறையின் கூரைத் தளத்தில் கம்பி வெட்டுப்படாத இடம் பார்த்து, துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டுகளான கோர் மாதிரிகள் குறைந்தது மூன்று எடுத்து, தங்களுக்கும் எனக்கும் சார்பில்லாத ஓர் ஆய்வகத்தில், என் முன்னிலையில் சோதிக்க வேண்டும். நம் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது எம்25, அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை. அதற்கு கோர் முடிவுகளின் சராசரி 85 விழுக்காட்டுக்கு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 21.25 நியூட்டனுக்குக் குறையாமலும், தனி மாதிரி எதுவும் 75 விழுக்காடான 18.75க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். தேறினால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு, தேன்கூட்டை மட்டும் முறையாகச் செதுக்கிச் சரிசெய்யச் சொல்வேன். தேறாவிட்டால் அந்தப் பகுதியை என்ன செய்வது என்பதைத் தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்து மூலமான கருத்துப்படி, தங்கள் செலவிலேயே செய்து தர வேண்டும். இந்தத் தளத்தின் மேல்தான் மாடியும் தண்ணீர்த் தொட்டியும் வரப்போகின்றன.

முடிவு தெரியும் வரை மாடிச் சுவர் எழுப்ப வேண்டாம். கிழக்கு அறையில் முட்டுகளைத் திரும்பக் கொடுத்து வையுங்கள். நான்காம் தவணைத் தொகை தயாராக உள்ளது, ஆனால் அறிக்கையைப் பார்த்த பிறகே தருவேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தை அணுகுவேன். ஏப்ரல் 17 அன்று எடுத்த படங்களும், தண்ணீர் விட்டபோது என் மகன் கைப்பேசியில் எடுத்த காணொளியும் என்னிடம் உள்ளன. நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

திங்கட்கிழமை பூச்சு ஆட்களை அனுப்ப வேண்டாம். கிழக்கு அறையைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்,
கன்னங்குறிச்சி, சேலம்.