எந்த வகை ஆய்வு என்று ஒரு வரி போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

படிப்பு ஏறுவதும் ஏறாததும் மரபணுவில் இருக்கிறது என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைச் சோமனூர் டீக்கடையில் உரக்க வாசித்தார்கள். தறி ஓட்டுகிற ஒருவர், “அப்ப எம்பையன் டியூசன் காசு தண்டந்தானுங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

நான் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தச் செய்தியில் இரட்டையர் ஆய்வும் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசும் ‘ஜீவாஸ்’ (GWAS) ஆய்வும் ஒரே பத்தியில் கலந்து கிடந்தன. இரண்டும் ஒன்றல்ல. ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையர் மற்ற இரட்டையரைவிட எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது முதல் வகை. 2015இல் அப்படிப்பட்ட 2,748 கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்ததில், பல்வேறு பண்புகளுக்கும் சேர்த்துச் சராசரி மரபுப் பங்கு 49% என்று வந்தது. அதுவும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில்தான் பாதி, ஒரு பையனின் மார்க்கில் பாதி அல்ல. ஒரு பண்போடு எந்தெந்த மரபணு வேறுபாடுகள் சேர்ந்து வருகின்றன என்று ஏராளமானோரிடம் தேடுவது இரண்டாவது வகை. அதில், 2013இல் ஏறத்தாழ 1,26,000 பேரை அலசி, படித்த ஆண்டுகளோடு தொடர்புள்ள மூன்று மரபணு வேறுபாடுகளைக் கண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த வித்தியாசம் சுமார் ஒரு மாதப் படிப்பு! இதற்காக யாராவது டியூசனை நிறுத்துவார்களா? ஆராயப்பட்டவர்களும் ஐரோப்பிய வம்சாவளியினர்.

இந்த மரபணுதான் காரணமாக இருக்கும் என்று முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்து சோதித்த பழைய ஒற்றை மரபணு ஆய்வுகள் தனி ரகம். மனச்சோர்வுக்குக் காரணம் என்று பேசப்பட்ட 18 மரபணுக்களை 2019இல் லட்சக்கணக்கானோரிடம் சோதித்தபோது ஒன்றும் தேறவில்லை.

வகை பிரிப்பது பெரிய வித்தையும் அல்ல. கட்டுரைச் சுருக்கத்திலும் அதன்கீழுள்ள குறிச்சொற்களிலும் இரட்டையர், தத்து, உடன்பிறந்தோர், ஜீவாஸ், பாலிஜெனிக் ஸ்கோர் (பல மரபணு வேறுபாடுகளின் சிறு சிறு பங்குகளைக் கூட்டிய மதிப்பெண்) என்று தேடினால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆனால் குறிச்சொல்லை மட்டும் நம்பக் கூடாது. ‘இரட்டையர்’ என்று தேடினால் இரட்டைப் பிரசவமான தாய்மாரின் உடல்நலக் கட்டுரையும் சேர்ந்து வரும். ‘இரட்டையர் ஆய்வுகள் முன்பே காட்டியபடி’ என்று முன்னுரையில் எழுதிவிட்டு வேறு வேலை செய்த கட்டுரையும் வரும். அதனால் யாரை, எப்படி ஆராய்ந்தார்கள் என்ற பகுதியையும் உங்கள் நிருபர் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

அப்புறம், இத்தகைய செய்தி எது வந்தாலும் தலைப்பின் கீழே ஆய்வின் வகை, எத்தனை பேர், எந்த நாட்டவர் என்று ஒரு வரி போடுங்கள். ராசிபலனுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், இதற்கு இடமா இல்லை?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
சோமனூர், கோவை மாவட்டம்.