மற்ற தொண்ணூற்றொன்பது ஆடுகள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஏன் பதில் போடவில்லை என்றால் சிரிப்பாய்: அட்டையில் ஆடு வெட்டிக்கொண்டிருந்தேன். நூறு ஆடு!

இந்த வருடம் எங்கள் கத்தோலிக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக் கணக்கோடு மறைக்கல்வியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் மாதம் நாம் படித்த மாதிரியே நடத்தினேன்: கேள்வி, பதில், மனப்பாடம். பிள்ளைகளும் பத்துக் கட்டளைகளை ஏழாம் வாய்ப்பாட்டின் ராகத்திலேயே ஒப்பித்தார்கள். 'பிறர் உடைமையை விரும்பாதிருப்பாயாக' என்று கணீரென்று முடித்த ஒரு பையன், உட்கார்ந்த கையோடு பக்கத்துப் பெண்ணின் ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தான். அவள் போட்ட கூச்சலில் அன்றைய பாடம் முடிந்தது.

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வாய்ப்பாட்டை நான் எடுத்த எடுப்பில் ஒப்பிக்கச் சொல்வதில்லை. மணிகளைக் கையில் கொடுத்து ஏழேழாக அடுக்கவைத்த பிறகுதான் மனப்பாடம். விசுவாசத்துக்கு மட்டும் ஏன் அந்தப் பொறுமை இல்லாமல் போனது? நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1954-லேயே ரோமில் சோபியா கவல்லெத்தியும் ஜான்னா கோபியும் மாண்டிசோரி வழியில் இதைத் தொடங்கிவிட்டார்கள். நல்ல ஆயன் உவமையைச் சின்ன மர ஆடுகளை வைத்துச் சொல்வார்கள். குழந்தை தன் கையாலேயே ஆடுகளை நகர்த்திப் பார்க்கும். மரம் செதுக்க எனக்கு வராது. அதனால் அட்டை.

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில், நூறு ஆட்டில் தொலைந்த ஒன்றைத் தேடி மற்றவற்றை விட்டுப் போகும் உவமையை வாசித்துவிட்டு ஆடுகளைத் தரையில் கொட்டினேன். பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி ஒன்றை ஒளித்துவைத்தேன். திறந்ததும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் மட்டும் எண்ணவில்லை. ஏழாவது வரிசையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, "இங்க ஒண்ணு இல்ல" என்றாள். பிறகு நிமிர்ந்து, "மத்த தொண்ணூத்தொம்பதை யார் பாத்துக்கிட்டாங்க, டீச்சர்?" என்று கேட்டாள். லூக்கா அவற்றைப் பாலைநிலத்தில் விட்டதாகத்தான் எழுதியிருக்கிறார். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. நீயானால் என்ன சொல்லியிருப்பாய்?

பெற்றோர் கூட்டத்தில் வழக்கமான பாட்டுதான். ஒரு அப்பா, மறைக்கல்விப் பீரியடைக் கணக்குக்குக் கொடுங்கள் என்றார். இன்னொரு அம்மா, பிள்ளைக்குச் செபமாலை சொல்லத் தெரியவில்லை, பள்ளியில் என்னதான் நடக்கிறது என்றார். முதலாமவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 806-ஆம் எண்ணைப் பார், கத்தோலிக்கப் பள்ளியின் படிப்பு அந்தப் பகுதியின் மற்ற பள்ளிகளுக்குக் குறைந்தபட்சம் சமமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. செபம் நிறையச் சொல்கிறோம் என்பதற்காகப் பின்னம் தெரியாத பிள்ளையை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட முடியாது. அந்த அம்மாவிடம்தான், வீட்டில் யார் செபமாலை சொல்கிறீர்கள் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. பெற்றோரே முதல் ஆசிரியர்கள் என்று 1965-லேயே ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. கேட்கவில்லை, அவர் முகத்தில் அத்தனை களைப்பு.

பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான தயாரிப்பும் இந்த வகுப்பில்தான். 1910-க்கு முன்பு பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருக்க வைப்பார்களாம். திருத்தந்தை பத்தாம் பயஸ்தான் ஏறக்குறைய ஏழு வயது போதும், நற்கருணை அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் சரி என்றார். அதை எந்தத் தேர்வில் கண்டுபிடிப்பது, சொல்? அப்போஸ்தலர் பெயர்களுக்கு மதிப்பெண் போடுகிறேன், திருவழிபாட்டுக் காலங்களுக்கும் போடுகிறேன். 'பக்தி' என்று ஒரு கட்டம் மதிப்பெண் அட்டையில் இருக்கிறது. அதைக் காலியாகவே விட்டுக் கொடுத்தேன். தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டால் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் முழங்கால் வலி இப்போது எப்படி? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு.

நேற்று ஆடுகளை எண்ணிக் கட்டி வைத்தேன். 98 தான் இருந்தன. ஒன்று அந்த ரப்பர் பையனின் பென்சில் பாக்ஸில் அகப்பட்டது. இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழி